ஏழை சொல் அம்பலம் ஏற வேண்டும்

(கல்விச் சங்க வெள்ளி விழாவில், செம்மநத்தத்தில் ஆற்றிய உரை)

     

வெள்ளி விழா மேடையிலே கல்வியின் சிறப்பைப் பேசுவது மரபு. கல்வி கண் போன்றது, கல்வி செல்வம் போன்றது என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். நாமும் பல மேடைகளில் சொல்லியிருக்கிறோம். ஆனால் கண் இருந்தும் எதைப் பார்ப்பது, செல்வம் இருந்தும் எதற்குச் செலவிடுவது என்பதையும் சொல்ல வேண்டுமன்றோ? ஆகையால் இன்று கல்வியின் ஒரேயொரு பயனை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். நாம் குடியிருக்கும் இடத்தைச் சுற்றி விதிக்குப் புறம்பாக நடப்பதைக் கண்டறிதல்; அதனை முறையாக எழுதுதல்; உரிய அதிகாரியிடம் சேர்த்தல்; விடை வரும்வரை விடாதிருத்தல். இதுவே நமது பொருள்.

இது சிறு பொருள் என்று தோன்றலாம். அயலார் சுவரையும், அடைபட்ட ஓடையையும், பறிபோன பாதையையும் பற்றி வெள்ளி விழாவில் பேச வேண்டுமா என்று சிலர் எண்ணலாம். சிறு பொருள் அன்று என்பதற்கு ஒரு சான்று தருகிறோம்.

2019-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 2-ஆம் நாள். கோயம்புத்தூர் மாவட்டம், மேட்டுப்பாளையத்தைச் சேர்ந்த நடூர். அங்கே ஆதி திராவிடர் குடியிருப்பை ஒட்டி, அயல் மனைக்குரியவர் ஏறத்தாழ 20 அடி உயரத்திற்குக் கருங்கற்சுவர் எழுப்பியிருந்தார். விடாமழை பெய்த அந்த இரவின் கடைசியில், பொழுது புலரும் முன்னே, அச்சுவர் சரிந்து ஓட்டு வீடுகளின்மேல் விழுந்தது. உறங்கிக்கொண்டிருந்த 17 பேர் மாண்டனர். பெண்களும் இருந்தனர், குழந்தைகளும் இருந்தனர். அனைவரும் நம்மவர்.

அச்சுவரைப் பற்றி முன்னரே முறையிட்டிருந்தோம் என்று அக்குடியிருப்பு மக்கள் சொன்னதை அந்நாளைய செய்தித்தாள்கள் வெளியிட்டன. நம்மைப் பிரித்து வைக்க எழுந்த தீண்டாமைச் சுவர் அது என்றே அவர்கள் சொன்னார்கள். நீதி கேட்டுக் கூடியவர்கள்மீது தடியடி நடந்தது, பலர் கைதாயினர். அதன் பிறகுதான் அச்சுவரின் உயரத்தை நாடு முழுவதும் அளந்து பேசிற்று. சுவர் நின்றபோது அளக்க வராதவர்கள், அது விழுந்த பின் அளக்க வந்தார்கள்.

நடூர் மக்கள் முறையிடத் தெரியாதவர்கள் என்று எவரும் கூறிவிட வேண்டா. குற்றம் முறையிட்டவருடையது அன்று, கேட்டும் கேளாதிருந்தவர்களுடையது. ஆயினும் அந்த 17 உயிர்கள் நமக்கு விட்டுச் சென்ற கேள்வி ஒன்று உண்டு. ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பது பழமொழி. அதை ஏறச் செய்வது எங்ஙனம்?

இதே தமிழ்நாட்டில் அம்பலம் ஏறிய சொல்லும் உண்டு. கோடைக்கானல் நம்மைப் போன்ற மலையூர். அங்கே பிளசன்ட் ஸ்டே என்னும் விடுதி, மலையிடக் கட்டட விதிகள் இடங்கொடாத மாடிகளை எழுப்பியது. அதற்கு விதிவிலக்கும் பெற்றது. பழனி மலைப் பாதுகாப்பு மன்றம் என்ற அமைப்பினர் அதை எதிர்த்து உயர் நீதிமன்றம் சென்றனர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1995-ஆம் ஆண்டில் விதிமீறிய கட்டடத்திற்கு எதிராகவே முடிந்தது. ஆட்சியிலிருந்தோர் அளித்த விதிவிலக்கே நீதிமன்றத்தின் முன் நிற்கவில்லை.

கோடைக்கானலின் சொல் ஏறிற்று. நடூரின் சொல் ஏறவில்லை. அங்கே முறையிட்டவர்களிடம் அளவு இருந்தது, விதியின் பெயர் இருந்தது, தேதியிட்ட காகிதம் இருந்தது, வழக்கறிஞர் இருந்தார், சொல்லைக் கேட்கும் காதுகளும் இருந்தன. காதுகளை நாம் ஒரே நாளில் படைத்துவிட முடியாது. ஆனால் அளவும், விதியும், காகிதமும் கல்வியால் கைக்கு வரக்கூடியவை. இச்சங்கம் 25 ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவருவது அவற்றைத்தானே?

மனு எழுதுவது நமக்குப் புதிதும் அன்று. 1893-ஆம் ஆண்டில் ‘பறையன்’ இதழைத் தொடங்கிய இரட்டைமலை சீனிவாசன், உயர் பதவித் தேர்வு தொடர்பாக இங்கிலாந்து நாடாளுமன்றத்திற்கு ஒரு மனு அனுப்பினார். அதன் நீளம் 112 அடி. கையொப்பமிட்டோர் 3,412 பேர். நம் பாட்டன்மார் பெரும்பாலோர்க்கு எழுத்தே மறுக்கப்பட்டிருந்த காலத்தில், 112 அடி நீளத்திற்கு அவர்கள் தம் பெயரைக் காகிதத்தில் ஏற்றினார்கள் என்றால், இன்று நாம் ஒரு முழத் தாளுக்கு அஞ்சலாமா?

சட்டம் இயற்றப்பட்டதனால் மட்டும் உரிமை கைக்கு வந்துவிடாது என்பதையும் வரலாறு நமக்குக் கற்பிக்கிறது. பொதுக் குளங்களை எல்லாருக்கும் திறந்துவிட வேண்டும் என்று பம்பாய்ச் சட்டமன்றம் 1923-இல் தீர்மானித்தது. மகாத் நகராட்சி 1924-இல் தன் குளத்தைத் திறப்பதாக அறிவித்தது. ஆனால் நம்மவர் அந்நீரைத் தொட முடியவில்லை. 1927 மார்ச் 20-ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களை அழைத்துச் சென்று அந்நீரை அருந்தினார். அத்தோடு அவர் நிற்கவில்லை; நீதிமன்றத்தில் ஆவணத்தை வைத்துப் போராடினார். 1937-இல்தான் பம்பாய் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஒரு வாய் நீருக்கு 10 ஆண்டுக் காகிதம்! அண்ணலின் பொறுமையை நாம் பாராட்டுகிறோம்; அதில் நூற்றில் ஒரு பங்கையாவது கைக்கொள்ள வேண்டாவா?

நம் மாகாணத்தின் கதையும் இதுவே. செங்கற்பட்டு ஆட்சியராயிருந்த திரமென்கீர் 1891-இல் அளித்த அறிக்கையின் விளைவாக, 1892-இல் தாழ்த்தப்பட்டோர்க்கு நிலம் வழங்க ஆணை பிறந்தது. அவையே பஞ்சமி நிலங்கள். மாநிலமெங்கும் ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் வழங்கப்பட்டதாகக் கூறுவர். அவற்றைப் பிறர்க்கு விற்கலாகாது என்ற கட்டுப்பாடும் இருந்தது. இருந்தும் பெரும்பகுதி கைமாறிப் போயிற்று. காரணைப் பஞ்சமி நிலத்தை மீட்கக் கேட்டு எழுந்த போராட்டத்தில், 1994 அக்டோபர் 10-ஆம் நாள் செங்கற்பட்டில் காவல் துறையின் துப்பாக்கிச் சூட்டிற்கு ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இருவர் பலியாயினர். நிலம் போகும்போது ஒவ்வொரு சென்டாகப் போகிறது. எவரும் எழுதி வைப்பதில்லை. திரும்பக் கேட்கும்போது உயிரே விலையாகிறது. எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?

இனி நம் மலைக்கு வருவோம்.

மலையில் கட்டடம் என்பது சமவெளிக் கட்டடம் போன்றதன்று. மேலே ஒருவர் மண்ணை வெட்டினால் கீழே ஒருவர் வீடு ஆடும். மேலே ஒருவர் ஓடையை மூடினால் கீழே ஒருவர் அடுப்பில் நீர் புகும். காப்பி பயிரிடத் தொடங்கிய காலந்தொட்டுத் தோட்டக்காரர் பங்களாக்கள் மேட்டிலும், வேலை செய்வோர் குடியிருப்புகள் பள்ளத்திலும் அமைந்தன. இன்று பங்களா இருந்த மேடுகளில் தங்கும் விடுதிகள் எழுகின்றன. பள்ளத்தில் இருப்போர் மட்டும் மாறவில்லை. ஆகவே இம்மலையில் கட்டட விதி என்பது அழகுக்கான விதி அன்று. பள்ளத்தில் இருப்பவனின் உயிருக்கான விதி.

பள்ளி ஆசிரியராதலின் இங்கு ஒரு சிறு கணக்குச் சொல்ல விரும்புகிறோம். ஒரு சுவரின் பின்னே நீர் நிறைந்தால், அது சுவரைத் தள்ளும் விசை உயரத்தின் இருபடிக்கு ஏற்ப வளரும்; சுவரைக் கவிழ்க்கும் திறனோ முப்படிக்கு ஏற்ப வளரும். அதாவது 10 அடிச் சுவரை 20 அடியாக உயர்த்தினால், தள்ளுவிசை 4 மடங்கு. கவிழ்க்கும் திறன் 8 மடங்கு. 6 மீட்டர் உயரத்திற்கு நீர் தேங்கி நின்றால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் ஏறத்தாழ 18 டன் விசை தள்ளும். மண்ணும் நீரும் சேர்ந்து தள்ளினால் அது இன்னும் மிகும். அதனால்தான் மண்ணைத் தாங்கும் சுவரில் நீர் கசிந்து வெளியேறத் துளைகள் விட வேண்டும் என்பது பொறியியலின் பாலபாடம். துளையில்லாத தடுப்புச் சுவரைக் கண்டால், அது சுவர் அன்று, காலம் குறித்த ஆபத்து என்று கொள்ளுங்கள்.

இதைக் கண்டறியப் பொறியியல் பட்டம் வேண்டியதில்லை. சுவர் வயிறு தள்ளுகிறதா? பழைய வெடிப்பு அகன்று வருகிறதா? சரிவில் நிற்கும் சில்வர் ஓக் மரங்கள் ஒரு பக்கமாய்ச் சாய்கின்றனவா? தெளிவாய் வந்த ஊற்று நீர் திடீரெனக் கலங்கி வருகிறதா? நேற்று வரை மூடிய கதவு இன்று நிலையில் சிக்குகிறதா? இவை மலை நமக்குச் சொல்லும் சொற்கள். 2024-ஆம் ஆண்டு ஃபெஞ்சல் புயலின்போது ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றதைக் கண்டோம். அதே மழையில் திருவண்ணாமலையில் மலையடிவாரத்து வீட்டின்மேல் மண்ணும் பாறையும் சரிந்து 7 பேர் இறந்தனர். மலை முன்னதாகச் சொல்லும் அடையாளங்களைக் கண்டு எழுதி வைக்க, எட்டாம் வகுப்பு மாணவனும் போதும்.

அடுத்து, எவ்விதிகள் நமக்குத் துணை? மலைப்பகுதி மரங்களைக் காக்க 1955-ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் பிறந்தது. 1990-ஆம் ஆண்டில் மலையிடப் பாதுகாப்புக் குழுமம் என்ற ஏற்பாடு வந்தது. ஏற்காட்டு வட்டம் அதன் எல்லைக்குள் அடங்கியது. 1994-ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டம் கிராம சபைக்கு இடமளிக்கிறது. புறம்போக்கு நிலத்தை ஒருவர் வளைத்துக்கொண்டால் 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் உண்டு. நம்மவர் நிலத்தையோ, நீரையோ, வழியையோ சாதி வலிமையால் மறிப்பவர்மீது 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயும். அச்சட்டப்படி செய்ய வேண்டிய கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் அரசு ஊழியருக்கும் அதில் தண்டனை உண்டு.

தோட்டத்து லைன் வீடுகளில் வாழ்வோர்க்கு ஒரு வரலாற்றுச் செய்தியைச் சொல்ல வேண்டும். 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில், 1981-இல் ஒரு திருத்தம் சேர்ந்தது. தோட்டத்தார் கொடுத்த வீடு இடிந்து விழுந்து தொழிலாளியோ அவர் குடும்பத்தாரோ இறந்தால், காயமுற்றால், தோட்ட உரிமையாளர் ஈடு தர வேண்டும் என்பதே அத்திருத்தம். அச்சட்டம் பின்னர் 2020-ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் அடக்கப்பட்டது. வீடு இரக்கத்தால் கொடுக்கப்படுவது, அதைப் பற்றிக் குறை சொல்வது நன்றி கெட்ட செயல் என்ற எண்ணம் நம் மூத்தோரிடம் இன்னும் உண்டு. அது இரக்கம் அன்று, கடமை என்று நாடாளுமன்றமே எழுதி வைத்தது என்பதை நினைவிற் கொள்க.

இவ்வளவும் இருந்தும் நாம் ஏன் முறையிடுவதில்லை? சோம்பலால் என்று சொல்வோர் நம்மை அறியாதவர். முதற்காரணம் அச்சம். குறை கூறினால் வேலை போகும். வேலை போனால் வீடு போகும். வேலையும் வீடும் ஒருவர் கையிலேயே இருக்கும்போது வாய் எப்படித் திறக்கும்? இரண்டாவது, செலவு. ஆட்சியரைக் காண 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிச் சேலம் செல்ல வேண்டும். ஒரு நாள் கூலியும் பேருந்துக் கட்டணமும் போகும். மூன்றாவது, அனுபவம். போன முறை சொன்னோம், ஒன்றும் நடக்கவில்லை. இந்த முறை மட்டும் நடக்குமா என்ற சலிப்பு.

இம்மூன்றையும் வென்ற ஒரு குடியிருப்பை நாம் அறிவோம். ஊரின் பெயர் வேண்டா. அதன் மேற்புறச் சரிவில் ஒருவர் விடுதி கட்ட மண்ணை வெட்டினார். வெட்டிய மண்ணையும் கல்லையும் ஓடையில் தள்ளினார். மழைநீர் திசை மாறிக் குடியிருப்பிற்குள் வந்தது. தாய்மார்கள் மும்முறை போய்ச் சொன்னார்கள். மும்முறையும் “பார்க்கலாம்” என்ற விடையே கிடைத்தது. நான்காம் முறை அவர்கள் சொல்லப் போகவில்லை, எழுதிக்கொண்டு போனார்கள். பத்தாம் வகுப்பு படிக்கும் பெண்பிள்ளை ஒருத்தி எழுதினாள். புல எண், ஓடை அடைபட்ட நாள், நீர் புகுந்த வீடுகளின் எண்ணிக்கை, ஓடையின் முந்தைய அகலம், இப்போதைய அகலம் ஆகிய அனைத்தும் அதில் இருந்தன. 43 பேர் ஒப்பமிட்டனர். அவற்றுள் 11 கைரேகை. “யாரம்மா இதை எழுதினது?” என்று அலுவலகத்தில் கேட்டார்களாம். “எங்க பிள்ளைதான் ஐயா எழுதிச்சு, நாங்க எல்லாரும் சொன்னோம்” என்று ஒரு மூதாட்டி விடை கூறினார்.

ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்கினர். 30 நாள் பொறுத்தனர். பிறகு, மனுவின் மேல் என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்துடன் கேட்டனர். அதன் பின்னரே இடத்தைப் பார்வையிட ஆள் வந்தார். ஓடையிலிருந்த கல் அகற்றப்பட்டது. வெட்டிய சரிவுக்கு முறையான தடுப்புச் சுவர் இன்னும் வரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். முழு வெற்றி அன்று. ஆனால் அடுத்த மழையில் நீர் ஓடையிலேயே ஓடிற்று. 43 பேரில் ஒருவரையும் எவரும் வேலையைவிட்டு நிறுத்தவில்லை. ஒருவரை நிறுத்தலாம், 43 பேரை நிறுத்தினால் காப்பியைப் பறிப்பது யார்?

இங்கு இன்னொரு பக்கத்தையும் மறைக்காமல் பேச வேண்டும். முறையீடு என்பது இருபுறமும் கூருள்ள கத்தி. ஆக்கிரமிப்பை அகற்றுகிறோம் என்று அரசு எந்திரம் புறப்பட்டால், அது முதலில் போய் நிற்பது மாளிகை வாசலில் அன்று, குடிசை வாசலில். பட்டா இல்லாமல் புறம்போக்கில் குடியிருப்போர் பெரும்பாலும் நம்மவரே. இம்மலையின் பழங்குடி மக்களிலும் பலர் அந்நிலையில் உள்ளனர். நாம் பழகிய முறையீட்டுக் கலையை, வேலித் தகராற்றில் அடுத்த வீட்டு ஏழையின்மேல் ஏவினால், பகைவன் செய்ய வேண்டிய வேலையை நாமே செய்தவர்கள் ஆவோம்.

ஆகவே மனு எழுதும் முன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இதனால் எவருடைய உயிருக்கேனும் ஆபத்து உண்டா? பலருக்கும் உரிய நீர், பாதை, சுடுகாடு, பள்ளியிடம் பறிபோகிறதா? வலியவர் எளியவர்மேல் தம் சுமையை இறக்குகிறாரா? மூன்றில் ஒன்றுக்கேனும் ஆம் என்று விடை வந்தால் எழுதுக. மூன்றுக்கும் இல்லை என்றால், அது அக்கம்பக்கத்தார் திண்ணையில் அமர்ந்து பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய செய்தி. குடிசையைக் காலிசெய்ய எவரேனும் வந்தால், சட்டப்படி முன்னறிவிப்பு வேண்டும் என்று எடுத்துக்காட்டுவதும், மாற்றிடம் கேட்பதும் அதே கல்வியின் மறுபாதி. நம் வாசற்படி சாக்கடையின்மேல் நீண்டிருக்குமாயின், பிறர் சுவரைப் பற்றி எழுதும் முன் அதனை நாமே பின்னிழுத்துக்கொள்வோம். அப்போதுதான் நம் எழுத்திற்கு எடை உண்டாகும்.

எழுதும் முறையைச் சுருங்கச் சொல்கிறோம். மாணவர்கள் குறித்துக்கொள்க.

முதலாவது, இடத்தைத் துல்லியமாகக் குறிக்க வேண்டும். ஊர், வட்டம், புல எண், உட்பிரிவு, அருகிலுள்ள அடையாளம் ஆகியன வேண்டும். பட்டா, சிட்டா, அடங்கல், புலப்படம் ஆகிய நான்கையும் படிக்கத் தெரியாதவன், பத்தாம் வகுப்பு தேறியும் நில விவகாரத்தில் முதல் வகுப்பு மாணவனே.

இரண்டாவது, கண்டதையும் கருதியதையும் பிரித்து எழுத வேண்டும். “சுவர் 18 அடி உயரம், மூன்று இடங்களில் வெடித்துள்ளது” என்பது கண்டது. “இலஞ்சம் கொடுத்துக் கட்டியிருப்பார்” என்பது கருதியது. பின்னதை எழுதினால் முன்னதன் மதிப்பும் போய்விடும். வசைச்சொல் ஒன்றும் வேண்டா. நாள் காட்டும் புகைப்படம் இரண்டு இணைத்தால் போதும்.

மூன்றாவது, என்ன செய்ய வேண்டும் என்று கேட்க வேண்டும். “ஆவன செய்க” என்று முடித்தால் ஆவது ஒன்றுமில்லை. “இடத்தைப் பார்வையிட்டு, கட்டட அனுமதி உண்டா என்று ஆராய்ந்து, சுவரின் உறுதியைப் பொறியாளரைக் கொண்டு சோதித்து, முடிவை எங்களுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்” என்று வரிசையாகக் கேட்க வேண்டும்.

நான்காவது, மொட்டைக் கடிதம் எழுதலாகாது. பெயரில்லாக் கடிதத்திற்குக் குப்பைக்கூடையே முகவரி. தனியொருவர் பெயரிட அஞ்சினால் பலர் பெயரிடுக. சங்கத்தின் பெயரால் எழுதுக.

ஐந்தாவது, உரிய இடத்தில் சேர்க்க வேண்டும். கட்டட அனுமதி என்றால் ஊராட்சியும் வட்டார வளர்ச்சி அலுவலகமும்; நில எல்லை, ஓடை, புறம்போக்கு என்றால் கிராம நிர்வாக அலுவலர், வட்டாட்சியர்; மரம் என்றால் வனத்துறை. ஒரு படியைத் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் அளித்து எண் பெறுக. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களின் கிராம சபையில் எழுப்பித் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் செய்க. எழுதப்பட்டுவிட்டதா என்று கண்ணால் பார்த்த பின்னரே எழுந்து வருக.

ஆறாவது, விடாதிருத்தல். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன்படி 30 நாட்களுக்குள் விடை தர வேண்டும். ஒருவருடைய உயிரைப் பற்றிய தகவலாயின் 48 மணி நேரத்திற்குள் தர வேண்டும். விடை வராவிடில் மேல்முறையீடு உண்டு. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்.

நாம் ஓர் அரசு ஊழியர். அலுவலகத்தின் அப்பக்கத்தையும் அறிவோம். வாய்ச்சொல்லாய் வந்த குறையை மறப்பது எளிது. எண்ணிட்டுப் பதிவேட்டில் ஏறிய தாளை மறப்பது எளிதன்று. அதற்கு யாரேனும் ஒருவர் ஒருநாள் பதில் எழுதியாக வேண்டும். நல்ல அதிகாரிக்கு அத்தாள் ஒரு கருவி. மேலிடத்து வற்புறுத்தலை மறுக்க அவர் கையில் அது துணையாகும். அல்லாத அதிகாரிக்கு அது ஒரு சாட்சி.

பள்ளிகளும் இதற்கு விலக்கல்ல. 2004 ஜூலை 16-ஆம் நாள் கும்பகோணத்தில் கூரைவேய்ந்த பள்ளியில் தீப்பற்றி 94 குழந்தைகள் கருகினர். 2021 டிசம்பர் 17-இல் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் விழுந்து 3 மாணவர்கள் இறந்தனர். ஆகையால் பெற்றோர்களே, எம் போன்ற தலைமையாசிரியர்களையும் கேளுங்கள். எங்கள் பள்ளிச் சுவரையும் அளந்து பார்த்து எழுதுங்கள். அதனால் எந்த ஆசிரியரும் சினங்கொள்ளார். சினங்கொள்பவர் ஆசிரியர் அல்லர்.

முடிவாக, இச்சங்கத்தின்முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். ஒன்று: ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னே, செப்டம்பர்த் திங்களில், உயர்நிலை வகுப்பு மாணவர்கள் பெரியோர் துணையுடன் ஒவ்வொரு குடியிருப்பையும் சுற்றிவந்து, சுவர், ஓடை, பாதை, ஊற்று ஆகியவற்றின் நிலையை ஒரு பதிவேட்டில் எழுத வேண்டும். இரண்டு: ஞாயிறுதோறும் சங்கக் கட்டடத்தில் ஒரு மேசையும் இருவரும் அமர்ந்து, வருவோர்க்கு மனு எழுதிக் கொடுக்க வேண்டும்; அதைவிடச் சிறப்பாக, வருவோரின் பிள்ளைகளுக்கு எழுதக் கற்பிக்க வேண்டும். மூன்று: சேலம் சென்று மனு அளிப்பவரின் ஒரு நாள் கூலியையும் பயணச் செலவையும் சங்கமே தர வேண்டும். இது பெருந்தொகை அன்று. ஆனால் ஒரு தாய் கீழிறங்கிப் போவதா, வேண்டாவா என்று தயங்கி நிற்கும் இடம் அதுவே.

பட்டம் பெற்றவர் எத்தனை பேர், பதவி பெற்றவர் எத்தனை பேர் என்று இம்மலரில் கணக்கிட்டிருப்பார்கள். அது மகிழ்ச்சிக்குரியதே. பொன்விழா மலரில் இன்னொரு கணக்கும் இடம்பெற வேண்டும். எத்தனை மனுக்கள் எழுதினோம், எத்தனைக்கு விடை பெற்றோம், எத்தனை ஓடைகள் மீண்டும் தம் வழியில் ஓடின, எத்தனை சுவர்கள் விழும் முன்னே இறக்கப்பட்டன என்ற கணக்கு அது. விழாத சுவரின்கீழ் உயிரோடிருப்பவருக்குத் தாம் காக்கப்பட்டது தெரியாது. எவரும் நமக்கு மாலை சூட்டமாட்டார்கள். அது குறித்து வருந்த வேண்டா. அவர் பிள்ளை மறுநாட் காலையில் புத்தகப் பையுடன் பள்ளிக்கு வருமாயின், அதுவே நமக்குப் போதும்.